டெய்லர் அப்பா ஊசியை மறுக்கவில்லை





கொஞ்சம் நீளமான பதிவு. ஊரடங்கு 2021 ஒக்டோபர் முதலாம் திகதி அதிகாலை 4 மணி வரை நீடிக்கப்பட்டிருப்பதாக அறிவித்த மறுநாள் எழுதியது இது. அன்றைக்கு யாரும் அவசரமாக எங்கும் போகும் நிலையில் இல்லை. பொறுமையாக வாசியுங்கள்.

எழுதுவது ஒருவர்தான், சொல்வது ஐந்து பேர். ஜூலை மாதம் நமதூர்ப் பாடசாலை மண்டபத்தில் தடுப்பூசி போட்டபோது வாசலில் நின்று துண்டு பார்த்து, பெயர் பதிந்து, கதிரை தூக்கிய ஆசிரியர்கள்தான் நாங்கள்.

கடந்த செவ்வாய்க்கிழமை டெய்லர் அப்பா வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஆஸ்பத்திரியிலிருந்து ஜனாஸா நேரே ஓட்டமாவடிக்குப் போனது. வீட்டாரில் ஓரிருவர்தான் கூடப் போக முடிந்தது. பெயரைப் போட வேண்டாம் என்று மகன் கேட்டுக்கொண்டார். பெயர் சொல்லித்தான் அவரைத் தெரிய வேண்டும் என்றில்லையே. எங்கள் ஐந்து பேருக்கும் முதலாம் ஆண்டுக்கு வெள்ளைச் சேட்டும் நீலக் காற்சட்டையும் தைத்துத் தந்தவர் அவர்தான். வளர்ற புள்ள என்று சொல்லி மடிப்பை இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டுத் தைப்பார். அடுத்த வருடம் உம்மா மடிப்பை அவிழ்த்துவிடுவார். ஊரில் பாதிப்பேர் அப்படி வளர்ந்தவர்கள்தான்.

அவர் வபாத்தான மறுநாளே ஒரு கதை கிளம்பிவிட்டது. "ஊசி போடமாட்டன் எண்டு பிடிவாதமா நிண்டாராம், ஆசிரியர்மார் வீட்ட போய்க் கேட்டும் ஏசி அனுப்பினாராம்." இரண்டு பேர் எங்களிடமே வந்து, "நீங்கதானே சேர் போனீங்க, அப்படித்தானாமே?" என்று கேட்டார்கள்.

அப்படியில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. மௌத்தானவர் வந்து பதில் சொல்ல முடியாது. நடந்ததில் எங்கள் பங்கும் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2020 மார்ச் 20 ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு போட்ட நாளிலிருந்து "வீட்டில் இருங்கள்" என்று அதிகம் சொன்னவர்கள் நாங்கள்தான். வட்ஸ்அப்பில் படம் போட்டோம், பள்ளி ஒலிபெருக்கியில் பேசினோம். மாதம் முடிய எங்கள் சம்பளம் வங்கிக்கு வந்தது. கடற்கரை வீதியில் கிடுகு வேலிக்குள் எட்டுப் பேர் இருக்கும் ஒற்றை அறை வீட்டுக்காரரிடமும் அதையேதான் சொன்னோம். அவர் மேசன் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. ஏப்ரலில் அரசாங்கம் 5,000 ரூபா கொடுத்தது. அது எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் பார்க்க நாங்கள் யாரும் அவர் வீட்டில் இருந்து பார்க்கவில்லை.

2021 மே மாதம் அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து வெளியே போகச் சொன்னார்கள். ஒற்றை இலக்கக்காரருக்கு ஒற்றைத் திகதி, இரட்டைக்கு இரட்டைத் திகதி. பழைய அட்டையில் கடைசியில் எழுத்து இருக்கிறதே, நம்பர் எங்கே என்று எத்தனை மூத்தம்மாமார் வந்து கேட்டார்கள் தெரியுமா! எழுத்துக்கு முன்னால் உள்ள இலக்கம் என்றோம். பூச்சியம் இரட்டையா ஒற்றையா என்று ஒருவர் கேட்டார். கணித ஆசிரியர் எங்களோடு இருந்ததால் அதற்கு மட்டும் சுணங்காமல் பதில் சொல்ல முடிந்தது. எங்களில் ஒருவர் வீட்டில் கணவன், மனைவி, மாமி மூவருக்குமே ஒற்றை இலக்கம். இரட்டைத் திகதியில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்து வீட்டு மச்சானைத்தான் பாமசிக்கு அனுப்ப வேண்டும்.

அந்த வருடத்து நோன்புப் பெருநாள் மே 14. 13 ஆம் திகதி இரவு 11 மணியிலிருந்து பயணத் தடை. அதற்கு முந்திய வருடமும் பெருநாள் ஊரடங்கில்தான் வந்தது. தக்பீரை வீட்டுக்குள் சொல்லி, தொழுகையை வீட்டுக்குள் தொழுது, புது உடுப்பு உடுத்த பிள்ளைகளைக் கடப்படியில் நிறுத்திப் படம் எடுத்தோம். ஒன்று நிச்சயம். இந்த ஊர் சட்டத்தை மதிக்காத ஊர் என்று வெளியே யாராவது சொன்னால், அந்த இரண்டு பெருநாளையும் அவர் பார்க்கவில்லை.

இனி ஊசிக்கு வருவோம்.

இந்தியாவிலிருந்து வந்த ஊசியை ஜனவரி 29 இல் கொழும்பில் சுகாதார ஊழியர்களுக்கும் படையினருக்கும் போடத் தொடங்கினார்கள். பிறகு நோய் அதிகம் என்று மேல் மாகாணத்துக்கு முன்னுரிமை. அது நியாயம்தான். அஸ்ட்ராசெனிகா முதல் ஊசி போட்ட பலர் இரண்டாவது ஊசி இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஜப்பான் அன்பளிப்பு ஜூலை 31 இல் வந்த பிறகுதான் அவர்களுக்கு வழி பிறந்தது. மார்ச் கடைசியில் சீனா தந்த சைனோபார்ம் வந்தது, நம்மவர்களுக்கு மே மாதத்திலிருந்து போட்டார்கள். நம் மண்டபத்துக்கு அது வந்து சேர்ந்தபோது ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டது. ஆசிரியர்களுக்கு நாடு முழுக்க ஊசி போடத் தொடங்கியதும் ஜூலை 12 இல்தான். அதே ஜூலை 12 இல்தான் சம்பள முரண்பாட்டுக்காக ஒன்லைன் கற்பித்தலை நிறுத்தி நாங்கள் போராட்டத்தில் இறங்கினோம். "படிப்பிக்கவும் மாட்டாங்க, ஊசி மட்டும் முதல்ல வேணும்" என்று சிலர் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். மண்டபத்தில் போய் நின்று வேலை செய்தோமே, அதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம். மறைப்பானேன்.

முதல் நாள் காலை ஐந்தரை மணிக்கே வரிசை மதிலைச் சுற்றிவிட்டது. கிராம சேவகர் தந்த துண்டு கையில் இருந்தால்தான் உள்ளே விடலாம். வாக்காளர் இடாப்பைப் பார்த்துத்தான் அந்தத் துண்டு. இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. நமதூர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆள் வருவார், பதிவு வராது. பத்து வருடம் மாமியார் வளவில் இருந்து, இரண்டு பிள்ளைக்குத் தகப்பனான பிறகும் பெயர் உம்மா வீட்டு இடாப்பில்தான் கிடக்கும். உம்மா வீடு அடுத்த ஊரில், சிலருக்கு அடுத்த மாவட்டத்தில். பயணத் தடையில் அங்கே போகவும் முடியாது, இங்கே துண்டும் இல்லை. அன்றைக்கு மட்டும் நாங்கள் திருப்பி அனுப்பிய மாப்பிள்ளைமார் இருபதுக்கு மேல். ஒருவர் போகும்போது சிரித்துக்கொண்டே சொன்னார், "கொரோனா மட்டும் என்ட பதிவ எப்படிச் சேர் கண்டுபிடிக்கும்?"

எங்களிடம் பதில் இல்லை. பிறகு கிராம சேவகரே வந்து, வசிப்பிடத்தை உறுதிப்படுத்தி ஒரு கடிதம் கொடுத்தால் போடலாம் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு பேசி முடித்தார். அதற்குள் இரண்டு கிழமை போய்விட்டது.

வரிசையில் முன்னுக்கு நின்றவர்கள் யார் என்று பார்த்தோம். மோட்டார் சைக்கிள் உள்ளவர்கள், அரச உத்தியோகத்தர்கள், கடைக்காரர்கள், எங்களைப் போன்றவர்கள். அரைநாள் வரிசையில் நின்றால் அரைநாள் கூலி போகும் ஆட்கள் வரவில்லை. கால் இயலாதவர்கள் வரவில்லை. இத்தாவில் இருந்த பெண்கள் வரவில்லை. அப்போது நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அன்றைய எண்ணிக்கை கூடவா குறையவா என்பதுதான் பேச்சாக இருந்தது.

வராமல் இருந்தவர்களில் ஒரு கூட்டம் வேறு காரணத்துக்காக வரவில்லை. அதையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம்.

ஊசி போட்டால் இரண்டு வருடத்தில் மௌத்து, பிள்ளை தங்காது என்றெல்லாம் வட்ஸ்அப்பில் வந்த கதைகளை நாங்கள் பெரிதாகச் சொல்லவில்லை. அவற்றுக்குப் பதில் சொல்லலாம். மௌலவி சொன்னார், டொக்டர் சொன்னார், பலர் கேட்டார்கள். பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்று இருந்தது. அதை முதலில் எங்களிடம் கேட்டவர் டெய்லர் அப்பாதான்.

ஜூலை நடுப்பகுதியில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று எங்களிடம் கேட்டார்கள். கொப்பி ஒன்றோடு புறப்பட்டோம். அவர் வீட்டு முற்றத்தில், பழைய சிங்கர் மெஷினுக்குப் பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். எழுபத்து நாலு வயது. சீனி வருத்தம், பிறசர். விசயத்தைச் சொன்னோம். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"இஞ்ச பாருங்க மகன். போன வருசம் இதே ஆக்கள்தானே நம்மட மையத்த எரிச்சாங்க? இருபது நாள் பச்சப் புள்ளயயும் விடல்லியே. எரிச்ச கையால தாற ஊசிய நான் எப்படி நம்பி வாங்குற?"

அவருக்கு நாங்கள் என்ன சொல்வது? 2020 ஏப்ரல் 11 இல் எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருந்தும் வந்தது. டிசம்பரில் அந்தக் கைக்குழந்தையை எரித்த பிறகு பொரளை மயானத்து வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். நம் வீட்டுக் கடப்புகளிலும் கட்டினோம். 2021 பெப்ரவரி 25 இல்தான் அடக்க அனுமதித்தார்கள். மார்ச் 5 இல் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸா அடக்கப்பட்டது. ஏறத்தாழ பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதத்தில் ஊரில் எத்தனை பேர் காய்ச்சலை மறைத்தார்கள் என்பது அவரவர் வீட்டுக்குத்தான் தெரியும்.

எங்களில் ஒருவரும் மறைத்தார். 2020 டிசம்பரில் அவருக்குக் காய்ச்சல், மணமும் இல்லை, ருசியும் இல்லை. பீ.சீ.ஆர் எடுக்கப் போகவில்லை. கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடித்துக்கொண்டு பின்னறையில் கிடந்தார். தனக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கூட இருக்கும் வாப்பாவுக்கு ஏதும் ஆகி ஆஸ்பத்திரியில் மௌத்தானால் எரித்துவிடுவார்களே என்ற பயம். விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர் அவர். அவரே அப்படி இருந்தபோது டெய்லர் அப்பாவிடம் நாங்கள் எந்த வாயால் விளக்கம் சொல்வது? சலாம் சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டோம்.

எங்கள் கொப்பியில் மூன்று நிரல் கீறியிருந்தோம். போட்டவர், மறுத்தவர், பிறகு. அவர் பெயரை "மறுத்தவர்" என்பதில் எழுதினோம். அன்றைக்கு அது சரி.

ஓகஸ்ட் தொடங்கியது. உங்களுக்கு அந்த மாதத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நாட்டில் ஒரு நாளைக்கு இருநூறுக்கும் மேல் மௌத்து வந்தது, பெரும்பாலானோர் அறுபதைக் கடந்தவர்கள். ஒக்சிசன் கட்டில் கிடைக்குமா என்று ஆள் மாறி ஆள் தொலைபேசி எடுத்த நாட்கள். பள்ளியில் டெய்லர் அப்பாவோடு ஒரே சப்பில் நின்று தொழும் அவருடைய கூட்டாளி ஒருவர் அப்போதுதான் வபாத்தானார். ஓட்டமாவடியில் அடக்கினார்கள். போய் வந்த மகன் அங்கே எடுத்த படத்தை டெய்லர் அப்பாவுக்குக் காட்டியிருக்கிறார். வரிசை வரிசையாகக் கப்றுகள், இலக்கமிட்ட கற்கள். நம்மவர்கள் மட்டுமில்லை, ஹிந்து, கிறிஸ்தவ, பௌத்த சகோதரர்களையும் அங்கே அடக்கியிருக்கிறார்கள். படத்தைக் கிட்டப் பிடித்து நீண்ட நேரம் பார்த்தாராம்.

ஓகஸ்ட் 15 அளவில் நாங்கள் இரண்டாவது தடவை போனோம். இந்தத் தடவை நாங்கள் கேட்க முதலே அவர் சொன்னார்:

"சரி மகன், போடுவம். ஆனா வரிசையில நிக்க எனக்கு ஏலா. கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. ஆரையும் வீட்ட அனுப்பேலுமெண்டா அனுப்புங்க."

அனுப்புகிறோம் என்றோம். கொப்பியில் பெயரை வெட்டி "பிறகு" என்ற நிரலில் எழுதினோம்.

இதுதான் நடந்தது. அவர் சம்மதித்தார். ஊசிக்காகக் காத்திருந்தார்.

ஓகஸ்ட் 20 இரவு 10 மணியிலிருந்து ஊரடங்கு. முதலில் ஓகஸ்ட் 30 வரை என்றார்கள், பிறகு நீடித்துக்கொண்டே போனது. ஊசி போடப் போகிறவர்களுக்கு அட்டையைக் காட்டிப் போக வழி இருந்தது. வீட்டுக்குப் போய்ப் போடுவதற்குத்தான் ஆளும் இல்லை, வாகனமும் இல்லை. தாதி ஒருவருக்குத் தொற்று, இன்னும் இருவர் தனிமைப்படுத்தலில். நாங்கள் ஒரு தடவை பணிமனைக்குத் தொலைபேசி எடுத்தோம். "பார்ப்போம்" என்றார்கள். மறுபடி எடுக்கவில்லை. எங்கள் வீடுகளிலும் காய்ச்சல். கடையில் பால்மா இல்லை, சீனி இல்லை, அதைத் தேடி அலைந்ததில் நாட்கள் போய்விட்டன. இவை நடந்த காரணங்கள். சாக்குப்போக்காகச் சொல்லவில்லை. அந்தக் கொப்பி எங்களில் ஒருவரின் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் மூன்று கிழமை கிடந்தது.

முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. ஏனென்றால் அதே நாட்களில் வேறொரு வீட்டில் நடந்தது. கணவரை இழந்து இத்தாவில் இருந்த ஒரு ராத்தாவுக்கு ஊசி போட வேண்டியிருந்தது. நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை அவர் எங்கே வருவது? அந்தப் பகுதிக் குடும்பநல மாது, நம் தமிழ்ச் சகோதரி, அந்த ராத்தாவின் மூன்று பிள்ளைக்கும் நிறை பார்த்தவர், தாதி ஒருவரையும் அழைத்துக்கொண்டு நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். சீலை மறைப்புக்குள் போய் ஊசி போட்டு, அரைமணித்தியாலம் இருந்து பார்த்து, வீட்டில் இருந்த கிழவிகள் இருவருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போனார். அந்தக் கிழவிகளில் ஒருவர் ஜூலையில் எங்களைக் கடப்படியிலேயே நிறுத்தி விரட்டியவர். "அந்தப் புள்ள எங்கட வீட்டுப் புள்ள மாதிரி, அது சொன்னா நான் போடுவன்" என்றாராம். நாங்கள் கொப்பியோடு போனோம். அவர் பத்து வருடமாக அந்த வீட்டுக்குப் போய்வந்தவர்.

அந்தச் சகோதரியிடம் டெய்லர் அப்பாவின் பெயரைச் சொல்லியிருந்தால் போயிருப்பார். அவர் வீடு அடுத்த ஒழுங்கைதான். நாங்கள் சொல்லவில்லை. ஞாபகம் வரவில்லை.

செப்டம்பர் முதல் கிழமையில் டெய்லர் அப்பாவுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். மூச்சு எடுக்கக் கஷ்டம் என்றதும் 1990 அம்பியுலன்ஸ் வந்தது. ஏற்றும்போது மகனிடம், "சேர்மார் வந்தா சொல்லு, நான் ஆஸ்பத்திரியில எண்டு" என்றிருக்கிறார். மகன் இதை எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லாமல்தான் சொன்னார். அவர் ஏசியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஊசி போட்டிருந்தால் அவர் இருந்திருப்பாரா என்பது அல்லாஹ்வுக்குத் தெரிந்தது. ஓகஸ்ட் 15 இல் முதல் ஊசி போட்டிருந்தாலும் இரண்டாவதுக்கு நாலு கிழமை செல்லும் என்று கணக்குச் சொல்லி ஒருவர் எங்களை ஆறுதல்படுத்தப் பார்த்தார். அந்தக் கணக்கு எங்களுக்கு வேண்டாம். ஜூலையில் இருந்து எண்ணினால் வேறு கணக்கு வரும்.

ஆகவே தயவுசெய்து அவரைப் பற்றி "மறுத்தவர்" என்று யாரும் பேச வேண்டாம். அந்த வீட்டில் அவருடைய மனைவி இப்போது இத்தாவில் இருக்கிறார். கதை அவர் காதுக்கும் போகிறது.

இனி வேலைக்கு வருகிறோம்.

நேற்று அஸருக்குப் பிறகு ஐந்து பேரும் அந்தக் கொப்பியைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். "பிறகு" என்ற நிரலில் இன்னும் பதினேழு பேர் இருக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்கள் ஆறு பேர், கண் தெரியாதவர் ஒருவர், அடையாள அட்டை தொலைந்தவர்கள் மூன்று பேர், மற்றவர்கள் வயோதிபர்கள். "மறுத்தவர்" நிரலில் இருபத்திரண்டு பேர். அவர்களிடமும் திரும்பப் போவோம், ஜூலையில் சொன்னதையே இன்றைக்கும் சொல்வார்கள் என்று யார் கண்டது? குடும்பநல மாது கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். பணிமனையில் பேசினோம், திங்கட்கிழமை காலை 9 மணிக்கு இரண்டு தாதிமாரை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்ஷா அல்லாஹ்.

தேவையானது இரண்டு ஓட்டோ. காலை எட்டரைக்குப் பாடசாலை வாசலுக்கு வர வேண்டும். பெற்றோல் காசு நாங்கள் தருகிறோம், பாஸ் எடுப்பதையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வளவிலோ நடக்க முடியாமல், துண்டு கிடைக்காமல், அட்டை இல்லாமல் யாரும் இருந்தால் ஞாயிறு மஃரிபுக்கு முன் எங்களில் யாரிடமாவது பெயரைச் சொல்லிவிடுங்கள். மாமியார் வீட்டில் இருக்கும் மாப்பிள்ளைமாரும்தான். சீனி வருத்தம், பிறசர் உள்ளவர்கள் குடிக்கும் மருந்தையும் கிளினிக் கொப்பியையும் எடுத்து வையுங்கள். காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு இருக்கச் சொல்லுங்கள். சட்டைக் கையை உயர்த்தக் கூடிய உடுப்பு உடுத்திவிடுங்கள். முதல் வீடு கடற்கரை வீதியில் இருந்து தொடங்கும்.